எழுந்து பார்க்கும்போது

தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குத் துணையாக நான் இருந்தபோது, பக்கத்துப் படுக்கையில் ஒரு பெரியவர் நினைவில்லாமல் கிடந்தார். கூட இருந்தது அவர் மனைவி. ஒல்லியான உடம்பு, தூக்கம் கெட்ட கண்கள், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. தினமும் காலையில் கணவருக்கு முகம் துடைத்து, நெற்றியில் விபூதி பூசிவிட்டு, கட்டில் கம்பியைப் பிடித்தபடி ஜெபம் செய்வார்.

ஒருநாள் டீ வாங்கிக் கொடுத்தபோது அவராகவே பேசினார்.

“அடுத்த ஜென்மத்துலயும் உன்னத்தான் கட்டிப்பேன்னு சொல்லிகினே இருப்பாருப்பா. நான் ஆண்டவர்கிட்ட போய்டுவேன், நீ வேற ஆளப் பாத்துக்கன்னு சிரிப்பேன். இப்போ சிரிப்பு வரல. அவரு சொல்றது நெசம்னா, எங்கயோ கொழந்தையா பொறந்துடுவாரு. நான் சொல்றது நெசம்னா, அங்க எழுந்து பாக்கும்போது பக்கத்துல இருக்க மாட்டாரு. ரெண்டுலயும் நான் தனியாத்தான் கீறேன். நீ இன்னா நினைக்கிற?”

“எனக்குத் தெரியலம்மா” என்றேன்.

“பாஸ்டருக்குத் தெரியுது. இவரு தம்பிக்கும் தெரியுது. உனக்காவது தெரியாம கீதே” என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

அந்த வாரமே பெரியவர் இறந்துபோனார். எரிக்க வேண்டும் என்று தம்பி சொன்னதற்கு அந்த அம்மா சரியென்று தலையாட்டினார். மறுத்துப் பேசத் தெம்பில்லையோ என்று நினைத்தேன். உடலை எடுக்கும்முன் கணவரின் காதருகே குனிந்தார்.

“அவசரப்பட்டுப் பொறந்துடாதய்யா. கொஞ்சம் நில்லு, நானும் வரேன்.”

அதை நம்பித்தான் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.