டொபமின் இழைகளை அழுக்கென்று எறிந்த கதை

ஆஸ்பத்திரி லாபில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்தவன் நான். என் மேசையிலிருந்து அழுக்கான ஸ்லைட் ஒன்றும் டொக்டரிடம் போனதில்லை. ஓய்வுபெற்ற பிறகு, ஓர்ஸ் ஹில்லில் என் வீட்டுக்குக் கிட்ட இருந்த ஆராய்ச்சி லாபில் அந்தப் பெருமையோடுதான் சேர்ந்தேன். அதே பெருமையில் மூன்றாம் மாதமே நாற்பது ஸ்லைட்டைக் குப்பையில் போட்டேன்.

லாபுக்குப் பொறுப்பு டொக்டர் நஸ்ரியா. கிண்ணியாக்காரர், என்னைவிட இருபது வயது குறைந்தவர். எலி மூளையில் அமிக்டலா என்றொரு பகுதி உண்டு. பயத்தோடு தொடர்புள்ள இடம். அங்கே டொபமின் நரம்பு இழைகள் எந்த மூளைக் கலங்களைத் தொடுகின்றன என்று பார்ப்பது அவர் வேலை. மூளையை மெல்லிதாக வெட்டி, அந்த இழையில் மட்டும் ஒட்டும் அன்டிபொடி போட்டு நிறமேற்றுவது என் வேலை. டொபமின் இழை உள்ள இடம் மண்ணிறமாகும்.

அன்று மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், மெல்லிய இழைகளுக்கு நடுவே கட்டி கட்டியாக மண்ணிறத் திட்டுகள். எல்லா ஸ்லைட்டிலும் அப்படித்தான். நிறம் படிந்து அழுக்காகிவிட்டது என்று முடிவெடுத்து, கண்ணாடிக் கழிவு போடும் மஞ்சள் பெட்டியில் எறிந்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் டொக்டர் கேட்டார். "அண்ணன், ஸ்லைட் எல்லாம் காய்ஞ்சிட்டா?"

"எல்லாம் அழுக்கு டொக்டர். எறிஞ்சிட்டன். புதுசாச் செய்வம்."

அவர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். "எதால செய்யிறது? அன்டிபொடிப் போத்தல் முடிஞ்சுது. அடுத்தது வர ரெண்டு மாசம் செல்லும்."

இன்னொரு போத்தல் இருக்குமென்று நினைத்திருந்தேன். நல்ல வேளையாகப் பெட்டியை இன்னும் எடுத்துப் போகவில்லை. தடித்த கையுறை போட்டு, தட்டத்தில் கொட்டி, இருவரும் ஒவ்வொன்றாகப் பொறுக்கினோம். ஆறு உடைந்திருந்தன. மிச்சத்தில் ஒன்றைத் துடைத்து அவர் மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

"இதையா அழுக்கெண்டீங்க? மூளையில இடப்பக்கத்தில எங்க இருக்கு, வலப்பக்கத்தில எங்க இருக்கு, பாருங்க."

பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே இடம்.

"அழுக்கெண்டா அளந்து விழுமா அண்ணன்?"

அடுத்துக் கொன்ட்ரோல் ஸ்லைட்டைக் கேட்டார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, அந்த அன்டிபொடியை மட்டும் போடாமல், மற்றதெல்லாம் ஒரேமாதிரிச் செய்த ஸ்லைட் அது. அதில் என்ன தெரியப்போகிறது என்று நான் பார்க்காமலே தட்டில் விட்டிருந்தேன். வைத்துப் பார்த்தோம். ஒரு திட்டும் இல்லை. நிறம்தான் படிந்ததென்றால் அதிலும் படிந்திருக்கும்.

பெரிதாக்கிக் காட்டினார். நான் திட்டு என்று நினைத்தது நெருங்கிக் கிடந்த ஒரு கலக்கூட்டம். மணி மணியாகப் புடைத்த இழைகள் ஒவ்வொரு கலத்தையும் கூடை பின்னியதுபோலச் சுற்றியிருந்தன.

"தொடுதா டொக்டர்?"

"தொடுற மாதிரித்தான் இருக்கு. தொடுதெண்டு அடிச்சுச் சொல்ல எலக்ட்ரோன் மைக்ரோஸ்கோப் வேணும். ஆனா நான் தேடின இடம் இதுதான்."

பின்னேரம் தேத்தண்ணியோடு கட்லட் வாங்கி வைத்தார். "எறிஞ்ச ஆளுக்கா?" என்று கேட்டேன்.

"ஓம். கூட இருந்து பொறுக்கினவரும் அவர்தானே."

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கொன்ட்ரோலைப் பார்க்காமல் ஒரு ஸ்லைட்டையும் எறியாதீர்கள். எறிந்துவிட்டால், மற்றவர் கேட்க முதல் நீங்களே சொல்லிவிடுங்கள். டொக்டர் கேட்டபிறகுதான் நான் சொன்னேன். அது மட்டும் இன்னும் கொஞ்சம் உறுத்துகிறது.