ஆமென் யார் சொல்வது

தூத்துக்குடி துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் டாலி கிளார்க்காக இருந்தவர் ஜெயசிங். கப்பலில் ஏறும் மூட்டை, இறங்கும் மூட்டை எல்லாவற்றுக்கும் கோடு போடுவது அவர் வேலை. ஒன்று குறைந்தாலும் தலைகீழாக நிற்பார். அப்பேர்ப்பட்டவர் வீட்டுக் கல்யாணத்திலேயே ஒரு ஆள் குறைந்தது.

மகள் ஷீஜாவுக்குத் தாய்மாமன் இல்லை. மாமன் மாலை போடாமல் பெண்ணைக் கோயிலுக்குக் கூட்டிப்போவது தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத் ஊர்க்காரர்களான அவர்கள் வம்சத்தில் வழக்கமில்லை. மனைவி கிருபாபாய் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். அவளுக்கு உடன்பிறந்தார் கிடையாது. சித்தி மகன் ராஜதுரை ஒருவர்தான் உண்டு. அவரும் பிறந்து வளர்ந்ததெல்லாம் மலேசியாவில், ஈப்போவில். இங்கே ஒருவரும் முகம் பார்த்ததில்லை.

“அம்மா பக்கத்துல எனக்கு ஒருத்தருமே இல்லையாப்பா?” என்று ஷீஜா ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். பிறகு கேட்கவே இல்லை. அதுதான் மனிதரைத் தின்றது.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய பத்திரிகைக்கு இரண்டு நீலக் கோடு வந்தது, பதில் வரவில்லை. ஜெயசிங் விமானம் ஏறிவிட்டார்.

ஈப்போவில் அந்த வீட்டைக் கண்டுபிடித்து மணியடித்தபோது சாயங்காலம் ஏழு மணி. கதவைத் திறந்த ராஜதுரையின் மகள் உதட்டில் விரலை வைத்து, ஒரு பாயைக் காட்டினாள். கூடத்தில் எல்லாரும் கண்ணை மூடி முழங்காலில் நின்றார்கள். குடும்ப ஜெபம்! நடுவில் குசலம் விசாரிக்க முடியுமா? தோளில் மாட்டிய பையோடு ஜெயசிங்கும் முழங்கால் போட்டார்.

ஒருவர் பின் ஒருவராக ஜெபித்து, முறை அவரிடம் வந்து நின்றது.

“ஆண்டவரே, தூத்துக்குடியிலிருந்து கிருபாபாய் புருஷன் ஜெயசிங் பேசுதேன். ராஜதுரை மாப்பிள்ளையை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை. இப்பவும் கண்ணு மூடித்தான் இருக்கு. பதினெட்டாம் தேதி என் மக கல்யாணம். மாமன் மாலை போட அவர் மனசை ஏவும்.”

எதிர்ப்பக்கத்தில் ஒரு கனத்த குரல் எழுந்தது. ராஜதுரையேதான்.

“ஆண்டவரே, முப்பது வருஷத்துக்கு முன்னாடி அக்கா கல்யாணத்துக்கு எங்கம்மாவுக்கு ஒரு பத்திரிகை வரலை. தினமும் வாசல்ல நின்னு தபால்காரரைப் பார்த்தாங்க. அனுப்பாதவங்களை மன்னிக்க எனக்குப் பெலன் தாரும். ஆனா இன்னைக்கே வேண்டாம்.”

யாரும் ஆமென் சொல்லவில்லை. ஜெயசிங் சொன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

“ஆண்டவரே, அனுப்பினோம். தபால்ல தொலைஞ்சிருக்கும். நீர் அறிவீர்.”

“ஆமா ஆண்டவரே, நீர் அறிவீர். தபால் மேல பழி போடுறவங்களையும் அறிவீர்.”

இப்படியே ஆளுக்கு நான்கு ஜெபம் ஆயிற்று. வழக்கு முழுவதும் பரலோகம் வழியாகவே நடந்தது. அடுப்படியில் குக்கர் ஏழாவது விசில் அடித்தது. எழுந்து போக ஜெபம் முடியவில்லையே! ராஜதுரையின் மனைவி ஈவாஞ்சலின் பொறுக்கமாட்டாமல், “ஆண்டவரே, குக்கரை நீரே பார்த்துக்கொள்ளும்” என்று நடுவில் ஒரு விண்ணப்பம் போட்டாள்.

ஜெயசிங்குக்கு முழங்கால் விண்விண் என்று தெறித்தது. ஆனாலும் அதைவிட அதிகமாகக் குத்தியது, அவர் வாயாலேயே சொன்ன அந்த ‘நீர் அறிவீர்’தான். வாழ்நாளெல்லாம் ஒரு மூட்டைக்குக்கூடப் பொய்க்கோடு போடாதவர் அவர்.

“ஆண்டவரே,” என்றார். “அந்தப் பத்திரிகை என் மழைக்கோட்டுப் பையிலேயே கிடந்துது. தபால்ல போடச் சொல்லி கிருபாபாய்தான் கொடுத்தா. நான் மறந்துட்டேன். எங்க ஊர்ல அடுத்த மழை பெய்தப்பத்தான் கண்ணுல பட்டுது. பயந்து கிழிச்சுப் போட்டேன். சித்தி ஒரு வார்த்தை எழுதலையேன்னு அவ அழுதப்பவும் சொல்லலை. அவ போயே போயிட்டா.”

“ஆமென்” என்றார் ராஜதுரை.

எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள். ராஜதுரை எழுந்து, அப்போதுதான் பார்ப்பவர் போல, “வாங்க அத்தான், எப்ப வந்தீங்க?” என்று கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். ஜெபத்தில் சொன்னதை வெளியே இழுத்துப் பேசுவது முறையல்ல. அடிப்பிடித்த சோற்றைச் சாப்பிட்டபடி ஈப்போ மழையைப் பற்றிப் பேசினார்கள், தூத்துக்குடி வெயிலைப் பற்றிப் பேசினார்கள். கல்யாணத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. வருவாரா, மாட்டாரா? ஜெயசிங்கால் கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

மறுநாள் காலை டாக்ஸி வந்து நின்றது. வாசலில் பிரயாண ஜெபத்துக்காக எல்லாரும் தலை குனிந்தார்கள்.

“ஆண்டவரே, அத்தானைப் பத்திரமா வீடு சேர்த்தருளும்” என்று தொடங்கிய ராஜதுரை கொஞ்சம் நிறுத்தினார். “பதினெட்டாம் தேதிக்குள்ள எங்க மூணு பேரையும் அதே மாதிரி தூத்துக்குடிக்குக் கொண்டு சேர்த்தருளும். மாமன் மாலையை நான் கையோட கொண்டு வர்றேன், ஆண்டவரே. தபால்ல அனுப்ப மாட்டேன். அப்புறம்...”

அவர் இன்னும் என்னவோ சொல்ல வாயெடுத்தார். ஜெயசிங் முந்திக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி, “ஆமென்!” என்றார்.