ஏற்றத்தில் குதிக்கும் வண்டி

ஆம்பூரில் சாயங்கால ஷிஃப்ட் விடுகிற நேரம், ரயில் பாலத்து ஏற்றத்தில் வண்டியை நிறுத்த நேர்ந்தால் தெரியும், அங்கே யாருக்கும் பொறுமை இருக்காது. ஷூ கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கும். ஜன்னலுக்கு ஜன்னல் முகங்கள், வாடின மல்லிகை, மடியில் டிபன் பை, எல்லாவற்றின் மேலும் தோலும் பசையும் கலந்த வாடை. அந்த ஏற்றத்தின் நடுவில்தான் எங்கள் பழைய வெள்ளைக் கார் என்னை வருஷக்கணக்காக அவமானப்படுத்தியது. கிளட்ச்சை விட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி போகாது, குதிக்கும். பின்பக்கம் தடதடதடவென்று, அடியில் யாரோ உலக்கை போடுகிற மாதிரி. அதன் பிறகுதான் மனசு வந்து நகரும். அதற்குள் பஸ் ஜன்னல்கள் எல்லாம் சிரித்து முடித்திருக்கும்.

பின்சீட்டில் எங்கள் மகள் எண்ணுவாள். ஒவ்வொரு குதிப்புக்கும் ஒரு எண், சத்தமாக, தலை கூரையில் இடிக்க இடிக்க. "அம்மா கால்ல ஸ்பிரிங் இருக்குப்பா" என்பாள். பக்கத்தில் என் கணவர் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "கிளட்ச்ச ஒதறாதம்மா, மெதுவா விடு" என்பார். மெதுவாகத்தான் விட்டேன். தொட்டிலை விடுகிற மாதிரி விட்டேன். அப்படியும் குதித்தது.

அவர் ஓட்டும்போது குதிக்கவே குதிக்காது. நான் ஓட்டக் கற்றது மகள் பிறந்த அடுத்த வருஷம். அதற்கு முன்னால் அந்த வண்டி ஒருநாளும் குதித்ததில்லை என்பதற்கு வீடே சாட்சி. அப்புறம் என்ன, கோளாறு என் காலில்தான். நானும் நம்பிவிட்டேன். ஆனாலும் ஓட்டுவதை விடவில்லை. ஒரு இடத்தில் உட்காரத் தெரியாத உடம்பு என்னுடையது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சாவியை எடுப்பேன், மகளை ஏற்றிக்கொள்வேன், பள்ளிகொண்டா வரைக்கும் போய், கோபுரம் கண்ணில் பட்டதும் திரும்பிவிடுவேன். காரணம் எதுவும் இருக்காது. பாலாறு மணலாகக் கூடவே வரும். பச்சைத்தோல் ஏற்றிய லாரி முந்தும்போது இரண்டு பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். சமதரையில் வண்டி தங்கம். ஏற்றம் வந்தால்தான் என் மானம் போகும்.

இப்போது மகள் வேறு ஊரில் வேலையில் இருக்கிறாள். கணவர் ஷூ கம்பெனி கட்டிங் செக்‌ஷனில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்றுவிட்டார். சர்க்கரை அவர் கண்ணுக்குப் போய்விட்டது. இனி வண்டி ஓட்டவே கூடாது என்று வேலூரில் டாக்டர் சொன்ன அன்று பஸ்ஸில்தான் திரும்பினோம். மறுவாரம், "வண்டிய வித்துடலாம். ஓட்டத்தான் ஆளில்லையே" என்றார். அவருக்குக் காபி ஆற்றிக்கொண்டு நான் எதிரிலேயே நின்றிருந்தேன்.

திருப்பத்தூர்க்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகப் பேச்சு. "விக்கிற வண்டி, குதிக்காம குடுக்கலாம்" என்று சொல்லி, சனிக்கிழமை காலையில் பைபாஸ் ஓரத்து மெக்கானிக் பாயிடம் கொண்டுபோனேன். மனசுக்குள் வேறு இருந்தது. இந்த வண்டி போய்விட்டால், ஓட்டத் தெரியாதவள் என்ற பேரோடு நான் முடிந்துபோவேன். அதைத் திருத்த வேறு வண்டி வரப்போவதில்லை.

பாய் மேல்விஷாரத்துக்காரர். "இன்னா டீச்சர், கிளட்ச் பிளேட்டா?"

"அது போன வருஷமே மாத்தியாச்சு பாய். டயரும் புதுசு. நான் ஓட்டினா ஏத்தத்துல குதிக்குது."

"நீங்க ஓட்டினா மட்டுமா?"

"வீட்ல அப்டித்தான் சொல்றாங்க."

"வீட்ல ஆயிரம் சொல்வாங்க. எறங்கி ஓரமா நில்லுங்க."

பைபாஸில் ஏறுகிற சரிவின் நடுவில் வண்டியை நிறுத்தி அவரே எடுத்தார். தடதடதட.

அந்தச் சத்தத்தை நான் வெளியே நின்று கேட்டது அதுதான் முதல் தடவை. எப்போதும் உள்ளே இருந்தேன், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கூசிப்போய். இப்போது பார்க்கிறேன், வலது பின்சக்கரம் தரையைக் கவ்வுகிறது, விடுகிறது, திரும்பக் கவ்வுகிறது, துள்ளுகிறது. வேறொருத்தர் கால், அதே குதிப்பு. வெயிலில் நின்றுகொண்டு எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

பாய் டிக்கியின் மேல் கையூன்றி அமுக்கிவிட்டார். வண்டி ஒருமுறை ஏறி இறங்கி அடங்கியது. "ஷாக் அப்சார்பர் நல்லாத்தான் கீது" என்றவர், கீழே படுத்து, பின்சக்கரத்தைத் தாங்குகிற கமான் பட்டையின் நுனியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். லொடக்கென்று ஆடியது. "இதான். புஷ் பூட்ச்சி." பட்டை நுனியில் ஒரு இரும்பு வளையம், அதற்குள் ரப்பர் புஷ். இரும்பும் இரும்பும் மோதாமல் நடுவில் மெத்தையாக இருப்பது அதுதான். அது தேய்ந்துபோனால், சக்கரம் தள்ளுகிற தள்ளலில் பட்டை முறுக்கிக்கொண்டு, சட்டென்று விடும். அந்த விடுதல்தான் குதிப்பு.

இடது பக்கத்து புஷ் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். வலது பக்கத்து போல்ட் துருவேறி, எண்ணெய் ஊற்றி, அடிமேல் அடி வாங்கித்தான் வெளியே வந்தது. உள்ளே ரப்பரே இல்லை. கறுத்து, கல்லாக இறுகின ஏதோ ஒன்று, சுருள் சுருளாக. பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தோல் டீச்சர். செருப்பு சோல் தோல். நம்மூர்லதான் இந்த வேலை நடக்கும். எந்த மகராசன் வெச்சான்?"

கையில் வாங்கினேன். விளிம்பில் ஒரு பிசிறு கிடையாது. ஒரே இழுப்பில் கத்தி போன வெட்டு. அந்தக் கை யாருடையது என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பாய் புது ரப்பரைச் சோப்புத்தண்ணீர் தடவி உள்ளே தள்ளினார். போல்ட்டை மட்டும் முழுசாக முடுக்கவில்லை. ஜாக்கியை இறக்கி, சக்கரங்கள் தரையில் பதிந்த பிறகு கடைசி முடுக்கு முடுக்கினார். "தூக்கி வெச்சிருக்கும்போது முடுக்கினா ரப்பர் முறுக்கிக்கும். அது தன் கனத்தோட நிக்கணும், அப்பதான்" என்றார்.

வீட்டில் அந்தத் தோலை என் கணவர் உள்ளங்கையில் வைத்தேன். கண் உதவவில்லை. கட்டைவிரலால் விளிம்பைத் தடவினார். முகர்ந்தார்.

"இது இன்னும் உள்ளயா இருந்துச்சு?"

"எப்ப வெச்சீங்க?"

"நீ நிறைமாசம். வேலூருக்கு செக்கப் போறப்பல்லாம் அடியில டங்கு டங்குன்னு இடிக்கும், நீ வயித்தப் புடிச்சிப்ப. புஷ் மெட்ராஸ்லேர்ந்து வரணும்னுட்டான் கடைக்காரன். சோல் துண்டு ஒண்ணு வெட்டி, வெளக்கெண்ணெயில ஊறவெச்சு சுத்தினேன். ஒரு மாசம் தாங்கினா போதும்னு."

"அப்புறம்?"

"அப்புறம் பாப்பா பொறந்துட்டா."

கோபப்படத்தான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. சர்ச் வாசலாகட்டும், கல்யாண மண்டபமாகட்டும், அவர் எப்போதும் இறக்கத்தைப் பார்த்துத்தான் வண்டியை நிறுத்துவார். ஒழுங்கு என்று நினைத்திருந்தேன்.

"ஏத்தத்துல எடுத்தா குதிக்கும்னு தெரிஞ்சுதானே எறக்கம் பாத்து நிறுத்தினீங்க?"

தோலை விரலில் உருட்டினார். "நீயும் அப்டி நிறுத்தியிருக்கலாம்ல."

"கெளம்புங்க" என்றேன்.

ஷிஃப்ட் விடுகிற நேரம். ரயில் பாலத்து ஏற்றத்தில், முன்னால் வழி இருந்தும், நடுவில் நிறுத்தினேன்.

"ஏன் நிறுத்தற?"

"சும்மா."

பின்னால் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அவர் கை தானாகப் போய்க் கதவுக் கைப்பிடியைப் பிடித்தது. கிளட்ச்சை விட்டேன், மிதித்தேன். வண்டி தண்ணீர் மாதிரி ஏறியது. பாலத்து உச்சியில் காற்று வந்தது, கீழே தண்டவாளம் போனது, அவர் விரல்கள் ஒவ்வொன்றாகக் கைப்பிடியை விட்டன.

"திருப்பத்தூர்க்காரருக்குப் போன் போட்டு வர வேணாம்னு சொல்லிடு" என்றார். பிறகு தலையைத் திருப்பி, யாருமில்லாத பின்சீட்டைப் பார்த்து, "ஒரு குதிப்புகூட இல்ல பாப்பா" என்றார்.