எங்கள் பெயரில் ஒரு செம்மண் பாதை

பியன் மல்சுனுக்கு முன்னால் அந்த வீட்டில் வரிசையாகப் பெண்களே பிறந்திருந்தார்கள். இவளும் பெண் என்றதும் தகப்பனார் பெயருக்காக மெனக்கெடவில்லை. அவர்கள் மொழியில் 'மல்' என்றால் கடைசி. நம் பக்கத்தில் போதும்பொண்ணு என்று வைப்பார்களே, அதே சமாசாரம்தான். பள்ளியில் பெயர் கூப்பிடும்போதெல்லாம் பையன்கள் சிரிப்பார்கள். இடைவேளையில் அவள் போய் ஒவ்வொருவனாகக் கவனித்துவிட்டு வருவாள். கோபம் அப்போதிலிருந்தே அவளோடு இருந்தது.

அந்தக் கோபத்தோடுதான் நகரத்தில் மினிபஸ் ஓட்டினாள். சந்தைக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் மலையடிவாரத்துக்கும் சுற்றிச் சுற்றி வரும் பச்சை பஸ். மலையடிவாரத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்தினால் அடுத்த நடைக்கு முன் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். மற்ற ஓட்டுநர்கள் சிகரெட் பிடிக்கப் போவார்கள். மல்சுன் பின்பக்கம் ஓடும் கஜேகோல் ஓடையில் இறங்கிக் கால் நனைப்பாள். கல்லைப் புரட்டினால் இறாலும் நண்டும் கலந்து செய்தாற்போல ஒன்று பின்பக்கமாகவே ஓடி ஒளியும். அதற்குப் பெயர்தான் கஜே. ஓடையின் பெயரே அதிலிருந்து வந்தது.

ஒருநாள் பெயிண்ட் வாளிகளை ஒருவன் அந்த ஓடையில் கழுவிக்கொண்டிருந்தான். தண்ணீர் பால் போல வெளுத்து ஓடியது.

"யோவ், உங்க வீட்டுச் சோத்துப் பானைல கழுவுவியா இத?"

"ஓடை என்ன உன் அப்பன் சொத்தா?"

"ஆமாய்யா, என் அப்பன் சொத்துதான். அந்த ஆளு எனக்கு வேற எதையும் குடுக்கல!"

அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அன்றைக்கு மல்சுனின் பஸ் தாமதமாகத்தான் கிளம்பியது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவளுக்கு ஓடைதான் உத்தியோகம். முதலில் தனியாளாகச் சாக்கும் இடுக்கியுமாகக் குப்பை பொறுக்கப் போனாள். பிறகு சந்தையில் அரிசிக் கேக் கடை வைத்திருந்த டோ பில்யோ வந்து சேர்ந்தாள். மல்சுனைவிட மூத்தவள், பாதி நாள் முட்டிவலி, முழு நாளும் பேச்சு. அவர்களைப் பார்த்து அடுக்குமாடிக்காரர்கள் சிலர் வந்தார்கள். ஓடைப் படுகையிலிருந்து டயர்களையும் பழைய மெத்தையையும் இழுத்து எடுத்தார்கள். கரையில் படர்ந்து மற்றச் செடிகளை மூச்சுமுட்ட வைத்த கொடியை வேரோடு பிடுங்கினார்கள். சனிக்கிழமை காலைகளில் விருப்பமுள்ளவர்களைக் கூட்டிக்கொண்டு ஓடையோரம் மெதுவாக நடந்தார்கள். பாதி வழியில் உட்கார்ந்து பில்யோ கொண்டுவந்ததைத் தின்பார்கள். 'கஜேகோல் காவலர்கள்' என்று யாரோ பெயர் வைத்தார்கள், அதுவே நிலைத்தது.

பனி உருகும் பருவத்தில் ஓடையோரக் குட்டைகளில் சாலமாண்டர் முட்டையிடும். பார்க்கப் பல்லி போல இருக்கும், ஆனால் தவளைக்குச் சொந்தம். கண்ணாடி வளையலை ஒடித்துத் தண்ணீரில் போட்டது போல வளைந்து கிடக்கும் முட்டைக்கூட்டுக்குள் கறுப்புப் புள்ளிகள். அந்த வாரங்களில் மல்சுன் யாரையும் குட்டையோரம் சத்தமாகத் தும்மக்கூட விடமாட்டாள்.

அப்படி ஒரு பருவத்தில்தான் பொக்லைன் வந்தது.

திங்கட்கிழமை காலை. சத்தம் கேட்டு அவள் ஓடிப்போனபோது கீழ்க்கரை முழுக்கச் செதுக்கப்பட்டிருந்தது. புதர்கள் ஒருபக்கம் மலையாகக் குவிந்து கிடந்தன. குட்டைகள் இருந்த இடத்தில் லாரி செம்மண் கொட்டிக்கொண்டிருந்தது. வெறுங்காலோடு செம்மண்ணில் நடந்தால் சர்க்கரை குறையும், தூக்கம் வரும் என்று நாடே பித்துப் பிடித்து நடந்த காலம் அது. வட்ட அலுவலகம் இங்கேயும் ஒரு பாதை போடுகிறது. அதைக்கூட அவள் எப்படியோ விழுங்கியிருப்பாள். பாதையின் தலைமாட்டில் புதிதாக நட்டிருந்த பளபளப்பான பலகையை விழுங்க முடியவில்லை. 'இயற்கை நலப் பாதை. கஜேகோல் காவலர்களுடன் இணைந்து உருவாக்கப்பட்டது.' கீழே, சாக்கும் இடுக்கியுமாக அவர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டு நிற்கும் படம். நடுவில் மல்சுன்.

அலுவலகத்தில் பூங்காப் பிரிவுத் தலைவர் மோ சங்கூ எழுந்து நின்று வரவேற்றார். பார்லி டீ வரவழைத்தார்.

"உங்க குழுவ கௌரவிக்கத்தாம்மா பேரப் போட்டோம். திறப்பு விழாவுல உங்களுக்குக் கேடயமும் இருக்கு."

"எங்கள யாரு சார் கேட்டா?"

"போன வருஷம் நடைபாதை வேணுமான்னு கருத்துக் கேட்டோமே. நெறைய பேர் வேணும்னு சொன்னாங்க."

"நடைபாதைன்னீங்க. முட்டை மேல மண்ணக் கொட்டுவோம்னு சொன்னீங்களா?"

"அதுங்க வேற எடத்துக்குப் போயிக்கும்மா. இயற்கை தன்னையே சரிபண்ணிக்கும்."

மல்சுன் டீயைத் தொடவில்லை. "முட்டைக்குக் கால் இருக்கா தம்பி, நடந்து போக?"

வெளியே வந்து விறுவிறுவென்று நடந்தாள். மண்ணைக் கொட்டியதைவிட, கொட்டியவன் அவள் சிரிப்பை எடுத்து அதன் மேல் ஒட்டியதுதான் அவளைச் சுட்டது. இத்தனை காலம் குனிந்து குனிந்து பொறுக்கியது, இவர்களுக்கு ஒரு படம் கிடைப்பதற்காகவா?

அதைவிடப் பெரிய அடி அடுத்த நாள் விழுந்தது. பாதி போட்ட பாதையில், கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு பில்யோ வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தாள்.

"அக்கா! நீயுமா?"

"என்னடி பண்ணச் சொல்ற? ராத்திரி முட்டி விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது. இதுல நடந்தா கொஞ்சம் தேவலையா இருக்கு."

"நீ மிதிச்சு நிக்கிற எடத்துக்கு அடியில என்ன இருக்குன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்டி. ஒன்கூட நானுந்தானே குனிஞ்சு பாத்தேன்? என் காலுக்குத் தெரியலையே!"

மல்சுன் திரும்பிப் பார்க்காமல் போனாள். சந்தையில் அந்தக் கடைப் பக்கமே அந்த வாரம் போகவில்லை.

சனிக்கிழமை வந்தது. நடை உண்டா என்று கேட்டவர்களிடம், வழக்கம் போல உண்டு என்றாள். வழக்கத்தைவிட அதிகம் பேர் வந்தார்கள். மேல் ஓடையிலும் குட்டைகள் இருந்தன, அங்கே முட்டைகள் இன்னும் உயிரோடு கிடந்தன. அவற்றை நோக்கித்தான் பொக்லைன் நகர்ந்துகொண்டிருந்தது. மல்சுன் கூட்டத்தை நேராக அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்திக் குந்தி உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். யாரும் கோஷம் போடவில்லை. அவள் எப்போதும் போல ஒவ்வொருவராகக் குட்டைப் பக்கம் வரச்சொல்லி முட்டைகளைக் காட்டினாள். பொக்லைன்காரர் கொஞ்ச நேரம் ஹாரன் அடித்துப் பார்த்தார். பிறகு இயந்திரத்தை அணைத்துவிட்டு அவரும் இறங்கிவந்து எட்டிப் பார்த்தார்.

"இதுவா? நான் பிளாஸ்டிக்னு நெனச்சேன்," என்றார். அன்றைக்கு அவர் வண்டியைத் திரும்ப எடுக்கவில்லை.

கூட்டம் கலைவதற்குள் மல்சுன் பலகைக்குப் போய்ப் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தாள். பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க, பலகையின் போல்ட்டுகளைக் கழற்றினாள். கடைசி போல்ட் கழன்றதும் பலகை சரிந்தது. அவள் தலையில் விழாமல் மறுபக்கத்தை யாரோ பிடித்தார்கள். பில்யோ. முழங்கால்வரை செம்மண்.

"நீ ஏன் வந்த? போய் நட."

"நடப்பேன்டி. எனக்கு அந்தப் பாதை புடிச்சிருக்கு. ஆனா நான் செய்யாததச் செஞ்சேன்னு எழுதி, என் மூஞ்சியையும் போட்டா எனக்கும் ரோஷம் வராதா? தூக்கு. இடுப்பப் பாத்து."

இருவரும் பலகையை ஆளுக்கொரு முனையாகத் தூக்கிக்கொண்டு சந்தை வழியாகவே நடந்தார்கள். மீன் விற்பவள் என்ன விசேஷம் என்றாள். "எங்க கல்யாணப் போட்டோ, திருப்பிக் குடுக்கப் போறோம்," என்றாள் பில்யோ. சனிக்கிழமை அலுவலகத்தில் காவலாளி மட்டும் இருந்தார். அவர் மேசை மேல் பலகையை வைத்துவிட்டு வந்தார்கள். பில்யோவின் செம்மண் தடம் பளிங்குத் தரை முழுக்கப் பதிந்திருந்தது.

பொதுச்சொத்தைச் சேதப்படுத்தியதாகக் காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள். சேதம் எங்கே, போல்ட்டுகூடத் தொலையவில்லை என்று மல்சுன் கத்தினாள். எச்சரித்து அனுப்பினார்கள். உள்ளூர்ச் செய்தியில் அவர்கள் பலகையைத் தூக்கிப்போகும் படம் வந்துவிட்டதால் மேல் ஓடை வேலை நின்றது. கீழ் ஓடை செம்மண்ணாகவே நிலைத்தது. குழுவின் பெயர் இல்லாத புதுப் பலகை வந்தது. மோ சங்கூ பதவி உயர்வில் வேறிடம் போனார். அதைக் கேள்விப்பட்ட அன்று மல்சுன் சாப்பிடவில்லை.

அடுத்த ஆண்டு நடையில், மேல் குட்டையில் முட்டைகளைப் பார்த்த ஒரு பெண் பூரித்துப்போய், "நல்லவேளை, பாதியாவது தப்பிச்சுதே!" என்றாள்.

"பாதி தப்பிச்சுதுன்னு சொல்லாதீங்கம்மா. பாதி போச்சுன்னு சொல்லுங்க," என்றாள் மல்சுன்.

அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போனது. பில்யோதான் அவள் கையில் ஒரு அரிசிக் கேக்கைத் திணித்து, "இவ பொறந்ததுலேருந்தே இப்பிடித்தான், மனசுல வெச்சுக்காத," என்றாள்.

இறங்கி வரும்போது, செம்மண் பாதையோரம் கால் கழுவும் குழாய் மூடப்படாமல் கொட்டிக்கொண்டிருந்தது. சிவந்த நீர் நேராக ஓடையில் விழுந்தது. மல்சுன் குழாயை இறுக்கித் திருகிப் பார்த்தாள். தண்ணீர் நிற்கவில்லை. கைபேசியை எடுத்து வட்ட அலுவலகத்தைக் கூப்பிட்டாள்.

மறுமுனையில் எடுத்தவர் அவள் குரலைக் கேட்டதும் பக்கத்திலிருந்தவரிடம், "ஓடையம்மா லைன்ல," என்று சொன்னது அவள் காதில் தெளிவாக விழுந்தது.

"ஆமா, நான்தான். எழுதிக்கோ," என்றாள் மல்சுன்.