மாதாவுக்கு எழுதிய சினிமா விமர்சனம்

படம் முடிந்து விளக்கு எரிந்தபோது யாரும் எழுந்திருக்கவில்லை. வசனம் கேட்க வேண்டும் என்று மின்விசிறிகளை நிறுத்தியிருந்தார்கள். ஜன்னல்களில் போர்வைகள். வில்லியனூருக்குப் பக்கத்தில் எங்கள் பங்குக் கோயில் மண்டபம், ஞாயிற்றுக்கிழமை மதியம், நூறு பேரின் வேர்வை. என் மனைவி பெண்கள் பக்கம் இரண்டாவது வரிசையில் இருந்தாள். அந்த இரண்டு மணி நேரத்தில் பாதி நேரம் திரையைப் பார்த்தேன், பாதி நேரம் அவளுடைய பின்னந்தலையைப் பார்த்தேன்.

கதை இதுதான். ஒரு ரயில்வே கேட் மூடுகிறது. அங்கே காத்து நிற்கிறவர்களின் வாழ்க்கை ஒன்றோடொன்று உரசிக்கொள்கிறது. யாரையோ இடித்துவிட்டு வந்த பால் வண்டிக்காரர். ஆட்டோவில் பிரசவ வலியோடு ஒரு பெண். வெளியூரில் வேலை கிடைத்து, பெட்டியோடு கிளம்பி வந்த ஒரு மனைவி. கேட் திறக்கிறது. மற்றவர்கள் தண்டவாளத்தைத் தாண்டிப் போகிறார்கள். பெட்டிக்காரி மட்டும் திரும்பி வீட்டுக்கு நடக்கிறாள்.

அந்த இடத்தில் நான் திரையை விட்டுவிட்டு இரண்டாவது வரிசையையே பார்த்தேன்.

என் மனைவி அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். நாலு துண்டாகச் சிதறிக் கிடக்கும் எங்கள் யூனியன் பிரதேசத்தில் பதவி உயர்வு தனியாக வராது, கையோடு ஒரு ஊரையும் கூட்டிக்கொண்டு வரும். காரைக்கால் என்றால் பரவாயில்லை. அவளுக்குப் போன வருஷம் வந்தது மாஹே. ஒரு முழு மாநிலத்துக்கு அந்தப் பக்கம், மலையாளக் கரை. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் தட்டைப் பார்த்தே சாப்பிட்டேன். அவள் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டாள். இந்த வருஷம் மறுபடியும் மாஹே. நாளை திங்கட்கிழமை, பதில் தர வேண்டும். நான் இன்னும் வாய் திறக்கவில்லை. பக்கம் பக்கமாக எழுதுகிறவன், பல் துலக்கும்போதுகூடத் தலைக்குள் வரிகளை ஓட்டுகிறவன், அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் எனக்குச் சொல் கிடைக்கவில்லை.

பங்குத்தந்தை எழுந்தார். "படம் பாத்தா மட்டும் போதாது. ஆளுக்கு ஒரு சீட்டுல உங்க அபிப்பிராயத்த எழுதுங்க. பேரு வேணாம். நம்ம எழுத்தாளர் படிப்பாரு."

சீட்டுகளைப் போடப் பெட்டி வேண்டும். கைக்குக் கிடைத்தது மாதா சுரூபத்தின் முன்னால் இருக்கும் விண்ணப்பப் பெட்டி. சனிக்கிழமைதோறும் ஜனங்கள் தங்கள் குறையை எழுதிப் போடும் அதே மரப்பெட்டி. அதைப் பார்த்ததுமே எழுதியவர்களின் கை பழக்கத்துக்குப் போய்விட்டது. நான் பிரித்த முதல் சீட்டு இப்படித் தொடங்கியது:

"மாதாவே, அந்த பால் வண்டிக்காரர் வேணும்னு இடிக்கல. அவருக்கு கேஸு ஆவாம பாத்துக்கோ."

மண்டபம் சிரித்தது. அடுத்தது: "மாதாவே, ஆட்டோல இருந்த பொண்ணுக்கு சுகப்பிரசவம் ஆவணும்."

"அதான் படத்துலயே பொறந்துடுச்சேடி," என்றது ஒரு குரல்.

"கொழந்த அழுவற சத்தம் கேட்டுச்சா? அதுக்குள்ள படத்த முடிச்சிட்டாங்க. எனக்கு மனசே ஆறல," என்றாள் எழுதியவள், பெயர் வேண்டாம் என்று சொன்னதை மறந்து.

ஒருவர் மட்டும் மாதாவை இழுக்காமல் எழுதியிருந்தார்: "நம்ம கேட்டுல இவ்ளோ நேரம் மூடுனா பாதி ஜனம் குனிஞ்சு போயிருக்கும். நம்பற மாதிரி இல்ல." ஆண்கள் பக்கம் கைதட்டியது. இன்னொருவர் எழுந்தே சொன்னார்: "யாரு கதைய பாக்கறதுன்னே தெரில ஃபாதர். ஒருத்தன புடிச்சி அழலாம்னா அதுக்குள்ள அடுத்தவன் வந்துடறான்."

பெட்டிக்காரியைப் பற்றித்தான் அதிகச் சீட்டுகள். மாதாவே, அவளுக்கு நல்ல புத்தி குடுத்ததுக்கு நன்றி. மாதாவே, குடும்பத்த நெனச்சி திரும்பினாளே, எங்க பொண்ணுங்களும் அப்படி இருக்கணும். ஒவ்வொன்றையும் படித்துவிட்டு நான் இரண்டாவது வரிசையைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் வார்டு வாசலில் நின்று நோயாளியின் வீட்டாருக்குப் பதில் சொல்லும்போது வைத்திருக்கும் முகம்.

பிறகு அந்தச் சீட்டு கையில் வந்தது. பிரிப்பதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. மாத்திரை கட்டிக் கொடுக்கிற மடிப்பு. இரண்டு ஓரமும் உள்ளே செருகி, தானாகத் திறக்காத மடிப்பு. எங்கள் வீட்டில் கடுகு வாங்கிய பில்லைக்கூட அப்படித்தான் மடிப்பாள். பிரித்தேன்.

"மாதாவே, பெட்டியோட போனவள அவ புருஷன் கூப்பிடல. போன்னும் சொல்லல, இருன்னும் சொல்லல. அத தாங்காமதான் திரும்பிட்டா. அவனுக்கு ஒரு வாயக் குடு."

மண்டபம் காத்திருந்தது.

"ஒளிப்பதிவு நன்றாக இருந்தது," என்று படித்தேன்.

"அடுத்தது," என்றார் பங்குத்தந்தை. சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மீதிச் சீட்டுகளில் என்ன இருந்ததென்று எனக்கு நினைவில்லை.

வண்டியில் திரும்பும்போது அவள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். வழக்கமாகத் தோளைப் பிடிப்பவள், கம்பியைப் பிடித்திருந்தாள். ஒவ்வொரு பள்ளத்திலும் நான் வேகம் குறைத்தேன். இறங்கிவிடுவாளோ என்று ஒரு பைத்தியக்காரப் பயம், ஓடுகிற வண்டியில்.

வீட்டுக்கு வந்ததும் துவைத்த யூனிஃபார்மைக் கொடியில் போட ஆரம்பித்தாள். எனக்கு முதுகைக் காட்டியபடியே கேட்டாள்: "ஏங்க, நம்ம ஊர்ல ஒளிப்பதிவுன்னு எவ எழுதுவா?"

நான் சீட்டை எடுத்தேன்.

"படிங்க."

"நீ எழுதினதுதானே."

"அங்க படிக்க வேண்டியத இங்க படிங்க. கேக்கறேன்."

படித்தேன். மேடையில் வரும் குரல் வரவில்லை. கடைசி வரியில் நின்றுவிட்டேன். அவள் கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"போ," என்றேன். "எனக்குப் பயமா இருக்கு. தனியா இருக்க பயம். நீ அங்க நல்லா இருந்துடுவியோன்னு அதுக்கு மேல பயம். ஆனா போ."

கிளிப்பை மாட்டினாள். "இன்னா பயம்னு போன வருஷமே சொல்லிருந்தா, நானும் சொல்லிருப்பேன். எனக்கு மட்டும் மலையாளம் தெரியுமா? சேந்து பயந்திருக்கலாம்."

உள்ளே போய் மாஹே உத்தரவுத் தாளை எடுத்து வந்தாள். என் பேனாவைக் கேட்டாள். சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கேட் மூடுகிற மணிச் சத்தம் தூரத்தில் கேட்டது. நான் அவள் கைகளைப் பார்த்தேன். அவை அந்தத் தாளைச் சின்னதாக, இன்னும் சின்னதாக மடித்து, இரண்டு ஓரத்தையும் உள்ளே செருகிக்கொண்டிருந்தன.

"ஐயோ, ஆபீஸ் பேப்பர்," என்றாள், அதைப் பார்த்துவிட்டு.

நான் வாங்கி, தொடையில் வைத்து, உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து நீவினேன். மடிப்பு போகவில்லை.