அண்ணியின் துப்பட்டாவில் விழுந்த ஆர்க்கிட்

ஆனி மாசம், மாங்கனித் திருவிழாவுக்காக என் அண்ணி பாரிஸிலிருந்து காரைக்கால் வந்திருந்தார். பென்ஷன் வாங்கும் வயசு. ஆனால் ஆர்க்கிட் என்றால் சின்னப் பிள்ளை ஆகிவிடுவார். வால்பாறைப் பக்கத்து மழைக்காட்டில், வருஷத்தில் சில நாள் மட்டும் பூக்கிற அபூர்வ ஆர்க்கிட் ஒன்று இருக்கிறது. மூன்று முறை லீவில் வந்தும் அந்தப் பூ அவருக்குத் தப்பிவிட்டது. இந்த முறை பூத்திருக்கிறது என்று வழிகாட்டி மாரியப்பன் போன் செய்ததும், "சனிக்கிழமை எனக்கு பிளைட். அதுக்குள்ள பார்த்தே ஆகணும்டி" என்று ஒற்றைக் காலில் நின்றார்.

சாயங்காலம் காரைக்காலில் எர்ணாகுளம் ரயிலேறி, விடிவதற்குள் கோவையில் இறங்கினோம். பஸ்ஸில் பொள்ளாச்சி. அங்கிருந்து வால்பாறை அறுபத்து நாலு கிலோமீட்டர், நாற்பது கொண்டை ஊசி வளைவு. மேடு என்றால் வாய்க்கால் கரைதான் என்று வளர்ந்த எனக்கு ஒன்பதாவது வளைவிலேயே குமட்டிக்கொண்டு வந்தது. "எலுமிச்சம்பழத்தை மோந்துக்கங்க, கீழ பார்க்காதீங்க" என்றார் கண்டக்டர். அண்ணியோ ஜன்னலோரம் உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல!

மறுநாள் காலை ஏழு மணிக்கு மாரியப்பனோடு நடக்க ஆரம்பித்தோம். தூறல், வழுக்கல், காலெல்லாம் அட்டை. ஒன்றரை மணி நேரம் நடந்த பிறகு மாரியப்பன் ஒரு மரத்தடியில் நின்று மேலே கை காட்டினார். தென்னையைவிட உயரத்தில், பாசி பிடித்த கிளையில், மஞ்சளாக ஏதோ தெரிந்தது. பைனாகுலரில் பார்த்தாலும் பனிமூட்டம்தான். "இவ்வளவுதானா?" என்ற அண்ணியின் முகம் சுண்டிப்போனது. எனக்கே அழுகை வந்தது.

அப்போது சிங்கவால் குரங்கு ஒன்று அந்தக் கிளைக்குத் தாவியது. உளுத்த கிளை போலிருக்கிறது, மடாரென்று முறிந்தது. குரங்கு வேறு மரத்துக்குப் போய்விட்டது; செடி கீழே வருகிறது. கீழே பாறையும் ஓடையும். நான் "ஐயையோ!" என்று அலறியதோடு சரி. அண்ணி துப்பட்டாவை உருவி, இரண்டு கையிலும் விரித்துப் பிடித்தபடி ஓடினார். மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து வீசுகிற மாம்பழத்தை முந்தானை ஏந்திப் பிடிக்கிற காரைக்கால்காரிக்கு இதெல்லாம் ஒரு வித்தையா? வேரும் பூவுமாகச் செடி சொத்தென்று துப்பட்டாவில் விழுந்தது.

மஞ்சள் இதழில் பழுப்புக் கோடு. லேசாக ஏலக்காய் வாசனை. அண்ணி சிரிக்கிறார், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. "எப்படியும் விழுந்துடுச்சே, இதை வீட்டுக்குக் கொண்டுபோயிடவா?" என்று கேட்டார்.

"கொண்டுபோகக் கூடாதும்மா. கொண்டுபோனாலும் பொழைக்காது. இங்கேயே மரத்துல கட்டிட்டா வேர் பிடிச்சுக்கும்" என்றார் மாரியப்பன்.

அண்ணி செடியை முகத்தருகே கொண்டுபோய் ஒருமுறை மோந்தார். பிறகு துப்பட்டாவை நீளவாக்கில் கிழித்துக் கொடுத்தார். பக்கத்து மரத்தில், எங்கள் தோள் உயரத்தில், அவர் செடியைப் பிடித்துக்கொள்ள மாரியப்பன் கட்டினார்.

"கட்டியாச்சு, கையை எடுங்கம்மா."

"இருங்க, இருங்க" என்றார் அண்ணி. ஆசைப்பட்டது கையில் வந்து விழுந்தும் திருப்பிக் கொடுத்த மனுஷியை அன்றுதான் பார்த்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

போகிறவர்களுக்கு: வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் காட்டுக்குள் போகாதீர்கள். வழிகாட்டிக்கு நாங்கள் கொடுத்தது எண்ணூறு ரூபாய். அட்டைக்கு உப்பு எடுத்துப் போங்கள். வாந்தி மாத்திரையை மறக்கவே மறக்காதீர்கள். மரம் எந்த இடம் என்று மட்டும் எழுத மாட்டேன், செடி திருடுகிறவனும் இதைப் படிப்பான். ஆனால் மாரியப்பனோடு யாராவது போனால் அந்தச் செடியைப் பார்த்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள், புண்ணியமாகப் போகும். அவரைக் கேட்டால் "பொறுங்கம்மா" என்பதோடு சரி. அண்ணி பாரிஸிலிருந்து தினம் போன் செய்கிறார். "சாப்பிட்டியா?" என்றுகூடக் கேட்பதில்லை. எடுத்த எடுப்பில், "வேர் விட்டுச்சாடி?"