தும்பிவீரன் பறந்தால் நீலம்

என் வீட்டுக்காரர் பெயிண்டர். எங்கேயாவது போனா, "உங்க வீட்டுக்காரர் என்ன பண்றாரு?"ன்னு கேப்பாங்க. "பெயிண்டர்"ன்னு சொன்னதும், "அட! படமெல்லாம் வரைவாரா?"ன்னு கண்ணை அகல விரிப்பாங்க. "இல்லீங்க, சுவத்துக்கு வெள்ளை அடிப்பாரு"ன்னு சொன்னா விரிஞ்ச கண்ணு பட்டுன்னு சுருங்கிடும். இதெல்லாம் அவரு பக்கத்துல நிக்கிறப்பவே நடக்கும். மனுஷன் வீட்டுக்கு வந்து பேப்பரும் கையுமா உக்காந்து இறக்கை இறக்கையா கிறுக்கிக்கிட்டு இருப்பாரு.

வெள்ளைன்னா ஒரே வெள்ளைன்னு நினைச்சுடாதீங்க. பால் வெள்ளை, சோத்து வெள்ளை, முட்டை ஓட்டு வெள்ளைன்னு அவருகிட்ட ஒரு குடும்பமே இருக்கு. எந்தக் கலரைக் கலந்தாலும் எங்க சமையலறைக் கதவுக்குப் பின்னால ஒரு தீட்டு தீட்டிப் பாத்துட்டுத்தான் வேலைக்குக் கொண்டுபோவாரு. ஊருக்கெல்லாம் சுவரை மினுமினுக்க வைக்கிறவரு வீட்டுல பெயிண்ட் பட்ட இடம் அந்தக் கதவுக்குப் பின்னால மட்டும்தான். கேட்டா, "நம்ம வீடுதானே, எங்க ஓடிப்போகப் போகுது?"ம்பாரு. என் தலையெழுத்து.

கல்யாணமான புதுசுல புருஷன் என்னென்ன பேசுவாருன்னு எங்க அக்கா எனக்கு ஆயிரம் சொல்லி அனுப்பியிருந்தா. இவரு பேசினது தும்பிவீரனைப் பத்தி. சின்ன வயசுல ஞாயித்துக்கிழமை தவறாம டிவியில வந்த கார்ட்டூனாம். நாலு இறக்கை வெச்ச வீரன். அவனுக்கு எதிரி ஆணிமண்டையன். எனக்கு அதெல்லாம் எங்க தெரியும்? எங்க வீட்டுல டிவியே கிடையாது. டிவி பாத்தா பொம்பளைப் புள்ளைங்க கெட்டுப்போயிடும்னு எங்கப்பா முடிவு பண்ணிட்டாரு. பாக்காமலே நாங்க கெட்டுப்போனது வேற கதை.

"அதனால என்ன, நான் காட்டறேன்"ன்னாரு. ரெண்டு தலைகாணியை முதுகுல கட்டிக்கிட்டு, கட்டில் மேல ஏறி, "காத்தே, தூக்கு!"ன்னு கத்திக்கிட்டு ஒரே தாவு. காத்து தூக்கல. கட்டில் சட்டம் படார்னு முறிஞ்சுது. மாமியார் ஓடிவந்து கதவைத் தட்டினாங்க. திறந்ததும் உடைஞ்ச கட்டிலை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க, நினைச்சா இன்னைக்கும் உடம்பு கூசுது. அதுக்கப்புறமும் மனுஷன் அடங்கினாரா? தினமும் சாப்பாடு முடிஞ்சா எனக்கு ஒரு கதை. ஆணிமண்டையனும் அவரே, அழற ஜனங்களும் அவரே, இடியும் மழையும் அவரே.

அந்தக் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒண்ணு உண்டு. தும்பிவீரன் கலர் மாறுவான். தரையில நிக்கிறப்ப பச்சை. சண்டை போடறப்ப மஞ்சள். மேல எழும்பிப் பறந்தா அப்படியே நீலம். "அந்த நீலம் வர்ற நேரம் இருக்கு பாரு, உடம்பெல்லாம் சிலிர்த்துடும்"பாரு. சொல்றப்பவே அவரு கையில மயிர்க்கால் நட்டுக்கிட்டு நிக்கும்.

போன மாசம் ஒரு குழந்தைங்க ஆஸ்பத்திரியில வழக்கம்போல வெள்ளை அடிக்கப் போனாரு. அங்க மேனேஜர் ஒரு சின்னப் பையன், மீசை இப்பத்தான் முளைக்கலாமான்னு யோசிச்சுக்கிட்டிருக்கு. "ஊசிக்குக் காத்திருக்கிற பசங்க பாக்கிற மாதிரி இந்தப் பெரிய சுவத்துல ஒரு படம் வேணும். தும்பிவீரன்னு ஒரு பழைய கார்ட்டூனை இப்ப மறுபடி போடறாங்களே, அது. வரையறதுக்கு ஆள் தெரியுமா?"ன்னு கேட்டிருக்கான். அவன் கேட்டு முடிக்கிறதுக்குள்ள இவரு, "நானே வரைவேன்"ன்னுட்டாரு. போன்ல படம் காட்டறேன்னதுக்கு, "எனக்கா? தும்பிவீரனையா? கண்ணைக் கட்டிவிட்டாலும் வரைவேன் சார்"ன்னு ஒரே பீத்தல்.

வீட்டுக்கு வந்து என்கிட்ட சொன்னப்ப குரல் வேற மாதிரி இருந்துச்சு. "இத்தனை வருஷத்துல என்னைப் பாத்து படம் வரையச் சொன்ன முதல் சுவரு இது"ன்னாரு. நான், "பாத்துங்க, சுவரு பேசுதா இல்ல மேனேஜரு பேசினானா?"ன்னு கிண்டல் பண்ணினேன். ஆனா இதுவும் இல்லாமப் போச்சுன்னா, அந்த மனுஷன் கடைசிவரைக்கும் முட்டை ஓட்டு வெள்ளைதான்.

பெரிய துணியைக் கட்டி மறைச்சுக்கிட்டுத்தான் வரைஞ்சாரு. முழுசா முடியாம யாரும் பாக்கக் கூடாதாம், என்னையும் சேத்துத்தான். முடிஞ்சதும் என்னை வரச்சொல்லி, மேனேஜரையும் கூப்பிட்டு நிறுத்தி, துணியை இழுத்தாரு. ஐயோ, என்னன்னு சொல்ல! கீழ பச்சையா ஒருத்தன் இடுப்புல கைவெச்சு நிக்கிறான். நடுவுல மஞ்சளா ஆணிமண்டையனைக் குத்தறான். மேல, கூரையைத் தொடற உயரத்துல, நாலு இறக்கையையும் விரிச்சு நீலமா பறக்கிறான். எனக்குப் பெருமையில கண்ணு கலங்கிடுச்சு.

மேனேஜர் கொஞ்ச நேரம் பாத்துட்டு, "நல்லா இருக்கு. யாரு இந்த மூணு பேரும்?"ன்னான்.

"மூணு பேரா? ஒரே ஆளு சார். தும்பிவீரன்!"

அவன் போனை நீட்டினான். அதுல இருந்தவன் தலையிலேருந்து கால் வரைக்கும் மண் கலர். இறக்கை சாம்பல். நின்னாலும் மண்ணு, குத்தினாலும் மண்ணு, பறந்தாலும் மண்ணு. "பசங்க ஏமாந்துடுவாங்க அண்ணா. நாளைக்கு சரியான கலரை அடிச்சுடுங்க. முடியலைன்னா பழையபடி வெள்ளையே அடிச்சுடுங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். எங்க வீட்டுக்காரர் பேயறைஞ்ச மாதிரி நின்னாரு.

வீட்டுக்கு வந்த கையோட டிவியில அந்தக் கார்ட்டூனைத் தேடிப் பிடிச்சு வெச்சோம். இத்தனை வருஷம் கதையா கேட்டதை நான் அன்னிக்குத்தான் முதல் தடவையா படமா பாக்கிறேன். சத்தியமா சொல்றேன், இவரு சொன்னதுல கால்வாசிகூட அதுல இல்ல. இடியும் இல்ல, மழையும் இல்ல. ஆணிமண்டையனுக்கு ஜலதோஷம் பிடிச்ச குரல். வீரன் பறக்கிறப்ப பின்னால அதே மூணு மேகம்தான் திரும்பத் திரும்ப வருது.

"நீலம் எங்கங்க?"

"இரு, வரும்."

வரல. கடைசியில அவரோட அக்காவுக்குப் போன் போட்டாரு. என் நாத்தனாருக்குச் சின்னக் குரலே கிடையாது, ஸ்பீக்கர் போடாமலே தெருவுக்குக் கேக்கும். "டேய் மக்கு! நம்ம வீட்டுது கறுப்பு வெள்ளை டிவிடா! கலர்ல தெரியட்டும்னு அப்பா திரைக்கு முன்னாடி ஒரு கலர் பிளாஸ்டிக் தாளை மாட்டி வெச்சிருந்தாரே. மேல நீலம், நடுவுல மஞ்சள், கீழ பச்சை. நீ கைக்குழந்தையா இருக்கிறப்பவே மாட்டியாச்சு. உனக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்!"

எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கிட்டு வந்துச்சு. அப்ப மேல போனா நீலம், கீழ வந்தா பச்சை! சண்டை எப்பவும் நடுவுல நடக்குது, அதனால மஞ்சள்! "ஏங்க, அப்ப செய்தி வாசிக்கிற அம்மாவுக்கு நீலத் தலைமுடியும் பச்சைக் கையுமா இருந்திருக்குமே? ஒரு நாள்கூடவா சந்தேகம் வரல?"ன்னேன்.

"செய்தியெல்லாம் யாரு பாத்தா?"ன்னாரு.

நான் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உருண்டு உருண்டு சிரிச்சேன். நிமிந்து பாத்தா, அவரு சிரிக்கல. டிவியையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அதுல மண் கலர் ஆளு மேகத்துக்கு மேல போய்க்கிட்டு இருந்தான். "பறக்கறான். ஒண்ணுமே ஆகலையே"ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டாரு. என் சிரிப்பு அப்படியே நின்னுடுச்சு. பாவமா இருந்துச்சுங்க, ரொம்பப் பாவமா இருந்துச்சு.

காலையில எழுந்திரிச்சு மண் கலரைக் கலந்தாரு. கதவுக்குப் பின்னால ஒரு தீட்டு. அச்சு அசலா அதே மண்ணு, பாவி மனுஷன் கை தப்பவே தப்பாது. வீட்டுல நான் துணி தைக்கிற மெஷினை மூடிப் போட்டுட்டு, ஏணி பிடிக்கிறேன்னு நானும் கூடப் போனேன். தனியா அனுப்ப மனசு வரல.

ஆஸ்பத்திரியில ஜனம் நிறைய இருந்துச்சு. அவரு நேரா மேல ஏறி, நீல இறக்கையோட நுனியில முதல் தீட்டு தீட்டினாரு. அவ்வளவுதான், "யோவ்! யோவ்! என்ன பண்ற?"ன்னு பெஞ்சுலேருந்து ஒரு சத்தம். யூனிபார்ம் போட்ட பஸ் டிரைவர், மடியில ஜுரத்தோட மகள். நாலு பஸ் தள்ளிப் போறவனையும் நிறுத்துற குரல்.

"கலர் தப்பாம் சார்"ன்னாரு இவரு.

"எவன் சொன்னான் தப்புன்னு? தரையில பச்சை, சண்டையில மஞ்சள், பறந்தா நீலம். ஒரு ஞாயித்துக்கிழமை விடாம பாத்தவன்யா நான்!"

எங்க வீட்டுக்காரர் முகம் மலர்ந்துடுச்சு. ஏணியிலேருந்து பாதி குனிஞ்சு, "உங்க வீட்டுலயும் அந்தத் தாள் இருந்துச்சா சார்?"ன்னாரு.

"என்ன தாளு?"ன்னாரு டிரைவர்.

இவரு வாயைத் திறந்தாரு. அந்த மகளைப் பாத்தாரு. அது அப்பா சொன்னதைக் கேட்டு, நீல ஆளையே அண்ணாந்து பாத்துக்கிட்டு இருந்துச்சு. இவரு வாயை மூடிக்கிட்டாரு. "ஒண்ணுமில்ல சார். நீங்க சொல்றதுதான் சரி"ன்னாரு.

அதுக்குள்ள சத்தம் கேட்டு மேனேஜர் வந்துட்டான், கையில அதே போன். டிரைவர் விடுவாரா? "தம்பி, இது இப்பப் போடறது. பழசைத் தூசி தட்டறேன்னு கலரையெல்லாம் கெடுத்து வெச்சிருக்கானுங்க. பழசை நேர்ல பாத்தவங்க நாங்க!" மூலையில இருந்த ஒரு அம்மாவும், "ஆமா, பறக்கிறப்ப நீலம்தான்"ன்னாங்க. இன்னொருத்தரு, "எனக்கு ஊதான்னு ஞாபகம்"ன்னு ஆரம்பிச்சாரு, டிரைவர் அவரை உக்காத்தி வெச்சுட்டாரு.

மேனேஜர் போனைப் பாத்தான், சுவத்தைப் பாத்தான், கடைசியா ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நின்ன என்னைப் பாத்தான். "அக்கா, நீங்களாவது உண்மையைச் சொல்லுங்க. பழசுல நிஜமாவே நீலமா மாறுவானா?"

ஏணி ஆடுச்சு. மேலேருந்து அவரு திரும்பி என்னையே பாத்தாரு. எங்கப்பா வீட்டுல டிவி இல்லாதது அந்த ஹால்ல எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

"மாறுவான் தம்பி. நான் என் ரெண்டு கண்ணால பாத்திருக்கேன். எத்தனையோ தடவை பாத்திருக்கேன்"ன்னேன்.

"என்னமோ போங்க, இப்படியே இருக்கட்டும்"ன்னு அவன் போனைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டுப் போயிட்டான். மேலேருந்து குரல் வந்துச்சு: "அந்த நீல டப்பாவை எடு. இறக்கையில மண்ணு ஒட்டியிருக்கு."

எடுத்துக் குடுத்தேன். நான் சொன்னது பொய்ன்னு யாராவது என்கிட்ட வந்தீங்கன்னா, தும்பிவீரன் பறந்து முறிச்ச கட்டில் சட்டம் இன்னும் பரண் மேலதான் கிடக்கு, வந்து பாத்துக்குங்க.